பயணத்தின் நடுவே ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர்: வார இறுதித் தங்கலுக்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு பெருநகரங்களுக்கு இடையிலான நீண்ட பயணத்தில் ஒரு சனி, ஞாயிறை ஏதேனும் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் கழிக்கலாம் என்று முடிவெடுப்பவர்களில் பலர், அந்த ஊரையும் பெருநகரத்தைப் போலவே அணுகுகிறார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தேடி எடுத்து, கோட்டை, வழிபாட்டிடம், அருங்காட்சியகம், சந்தைத் தெரு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்போது சனிக்கிழமை மதியம்கூட ஆகியிருக்காது. மீதி ஒன்றரை நாளை என்ன செய்வதென்று தெரியாமல், ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே பார்ப்பதற்குரிய முதல் பொருள் ஆறுதான். கோட்டையும் சந்தையும் அந்த ஆற்றினால் அங்கே வந்து சேர்ந்தவை. ஆற்றின் நீர்மட்டம், அதன் வேகம், அதைக் கடக்கும் வழிகள், அதன்மீது வெயில் விழும் நேரம் ஆகியவற்றை வைத்து இரண்டு நாள்களையும் வகுத்துக்கொண்டால் சிறிய ஊரும் போதிய ஊராகிவிடும். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுத்தல்

வரைபடத்தில் ஆற்றைப் பின்தொடர்ந்து செல்லுங்கள். ஆற்றங்கரையில் ஓர் ஊர் நிற்பதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்: இரண்டு ஆறுகள் கூடுமிடம், பாலம் கட்டவோ நடந்து கடக்கவோ ஏற்ற குறுகலான அல்லது ஆழமற்ற இடம், மூன்று பக்கமும் நீர் காவலாக நிற்கும் வளைவு, அல்லது படகுகள் அதற்கு மேல் செல்ல முடியாமல் சரக்கை இறக்கிவைத்த துறை. எந்தக் காரணத்தால் ஊர் அமைந்ததோ, அதைப் பொறுத்தே அங்கே உங்கள் இரண்டு நாள்களும் அமையும்.

ஆறுகள் கூடுமிடத்து ஊர்களில் நீரைப் பார்ப்பதே பெரிய வேலையாக இருக்கும். ஜெர்மனியின் பாசாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என மூன்று ஆறுகள் சந்திக்கின்றன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் ஆறு சாம்பல் கலந்த பச்சை நிறத்திலும், சதுப்பு நிலங்களிலிருந்து வரும் இல்ஸ் கருத்த நிறத்திலும் வந்து சேர்வதால், கலந்த பிறகும் சிறிது தூரத்திற்கு நிறங்கள் பிரிந்தே ஓடுவதைக் கரையில் நின்று காணலாம். அந்த இடத்தில் ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் டான்யூபைவிட இன் ஆறே அதிகத் தண்ணீரைக் கொண்டுவருகிறது என்பது பலரும் அறியாத செய்தி.

வளைவில் அமைந்த ஊர் நடப்பவர்களுக்கு ஏற்றது. செக் குடியரசின் செஸ்கி க்ரும்லோவ் ஊரை வல்டாவா ஆறு ஒரு கொண்டை வளைவாகச் சுற்றிச் செல்வதால், எந்தத் தெருவில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஆறு எதிரே வந்து நிற்கும். 1992 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பழைய துறைமுக ஊர்களின் கதை வேறு. வியட்நாமின் ஹோய் ஆன் ஒரு காலத்தில் பெரிய வணிகத் துறையாக இருந்தது. ஆற்று முகத்துவாரம் வண்டலால் தூர்ந்துபோக, கப்பல்கள் அருகிலுள்ள டா நாங்குக்கு மாறிவிட்டன. வணிகம் வெளியேறியதால்தான் அங்கே பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. ஆறு கைவிட்ட ஊர்கள் பல, அந்தக் காரணத்தாலேயே இன்று பார்ப்பதற்கு நன்றாக இருக்கின்றன.

தேர்வை உறுதி செய்யுமுன் நான்கு செய்திகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ பெட்டியோடு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். இரு கரைகளுக்கும் போக வழி இருக்க வேண்டும். கரையோரமாகக் குறைந்தது சில கிலோமீட்டர் நீளத்திற்கு நடைபாதை இருக்க வேண்டும். பழைய காலத்தில் குதிரைகளும் மனிதர்களும் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதைகள் பல ஆறுகளில் இன்றும் நடைபாதைகளாக இருக்கின்றன. மேடு பள்ளமின்றி நீரை ஒட்டியே செல்வதால் அவற்றுக்கு ஈடு கிடையாது. நான்காவதாக, ஊருக்கு மேலே அணை உண்டா என்று பாருங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டதோ அந்த மாதத்து ஆற்றைத்தான் காட்டும். படத்தில் தெரியும் அகன்ற மணல்திட்டு நீங்கள் போகும் மாதத்தில் மூழ்கிக் கிடக்கலாம்.

படி 2: ஆற்றின் பருவத்தை அறிதல்

ஊரின் வெப்பநிலையைப் பார்ப்பவர்கள் ஆற்றின் நிலையைப் பார்ப்பதில்லை. பனி உருகி வரும் ஆறு கோடையின் தொடக்கத்தில் பெருகும். பருவமழை ஆறு மழை மாதங்களில் கரைபுரளும். மிதமான நாடுகளில் மழையை மட்டும் நம்பிய ஆறு குளிர்காலத்தில் உயரும். ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்து ஆறுகள்கூட வெவ்வேறு காலத்தில் நிறையும். ஆல்ப்ஸ் பனியால் ஊட்டம் பெறும் ரைன் ஆற்றின் மேல்பகுதி கோடையில் நிறைந்திருக்க, அதனோடு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் வந்து சேரும் மோசெல் ஆற்றின் வெள்ளங்கள் பெரும்பாலும் குளிர்கால மாதங்களுக்குரியவை.

பருவம் ஊரின் வரைபடத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. லாவோஸின் லுவாங் பிரபாங்கில், மீகாங் ஆற்றோடு கூடும் நாம் கான் ஆற்றின் குறுக்கே வறண்ட பருவத்தில் மூங்கில் பாலம் கட்டுகிறார்கள். மழை தொடங்கி நீர் உயரும்போது அதை எடுத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் போனவருக்கு அப்படி ஒரு வழி இருந்த சுவடே தெரியாது. ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் ஏறுவது அடிக்கடி நடக்கக்கூடியது.

பல நாடுகளில் நீர்வளத் துறைகள் ஆற்றின் மட்டத்தை அன்றாடம், சில இடங்களில் மணிக்கு மணி, இணையத்தில் வெளியிடுகின்றன. அதைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அளவுகோலில் காட்டும் எண் ஆற்றின் ஆழம் அல்ல. ஏதோ ஒரு காலத்தில் நிர்ணயித்த பூச்சியப் புள்ளியிலிருந்து எடுத்த உயரம் மட்டுமே. 2018 அக்டோபரில் ரைன் ஆற்றங்கரையில் கவுப் என்ற ஊரிலுள்ள அளவுகோலில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கப்பல் செல்லும் வழியின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் கூடுதலாகவே இருந்தது. ஆகவே தனி எண்ணைப் பார்ப்பதைவிட, கடந்த ஒரு வாரத்தில் அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். ஏறும் ஆற்றுக்கும் இறங்கும் ஆற்றுக்கும் எண் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு: ஏறும் ஆறு மரக்கிளைகளையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு வரும், இறங்கும் ஆறு கரையில் வழுக்கும் சேற்றை விட்டுச் செல்லும்.

நீர் மிகுந்தாலும் படகு ஓடாது, குறைந்தாலும் ஓடாது. குறைந்தால் தரை தட்டும். மிகுந்தால் பாலத்தின் கண்களுக்கு அடியில் படகு நுழைய இடமிருக்காது. படகுப் பயணத்தையே நம்பிப் போகிறவர்கள் இரண்டு எல்லைகளையும் கேட்டறிந்துகொண்டுதான் அறையை உறுதி செய்ய வேண்டும்.

படி 3: எந்த நாள், எத்தனை இரவு

வார இறுதி என்றால் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்புவது வழக்கம். பயணத்தின் நடுவே தங்குபவருக்கு மறுநாள் அலுவலகம் இல்லையென்றால், சனிக்கிழமை காலை வந்து திங்கட்கிழமை காலை கிளம்புவதையே நான் பரிந்துரைப்பேன். ஞாயிறு மாலை உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வீடு திரும்பிவிடுவார்கள். ஊர் அதன்பிறகுதான் தன் இயல்புக்கு வரும். அந்த இரவில் அறைகளும் எளிதாகக் கிடைக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். தேவையான பொருள்களைச் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. எகிப்து, சவுதி அரேபியா போன்ற நாடுகளில் வார இறுதி என்பதே வெள்ளியும் சனியும்தான் என்பதால், ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கணக்கிட்டுச் செல்பவர் அலுவலக நாளின் நெரிசலில் இறங்க நேரிடும்.

பெரிய உல்லாசப் படகுகள் நிற்கும் ஊரானால், அவற்றின் கால அட்டவணையையும் பாருங்கள். அவற்றில் வரும் கூட்டம் பெரும்பாலும் காலை உணவுக்குப் பின் இறங்கி, மாலைக்குள் படகேறிவிடும். நடுப்பகலில் தெருவில் கால்வைக்க இடமில்லாத ஊர், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் முற்றிலும் வேறாக இருக்கும். இரவு தங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பே இந்த இரண்டு முனைகள்தாம். அவற்றை அறைக்குள் வீணாக்கிவிட்டு நடுப்பகலில் வெளியே கிளம்புவது சரியல்ல.

படி 4: அறையைத் தேர்ந்தெடுத்தல்

‘ஆற்றைப் பார்த்த அறை’ என்ற விளம்பரத்தைக் கண்டதும் பணம் கட்டிவிட வேண்டாம். ஆற்றை ஒட்டிய அறையின் தொல்லைகள் இரவில்தான் தெரியவரும். பகலில் நிலம் சூடேறியிருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறிவிடும். இரவில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்பதால், ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் தெளிவாகக் கேட்கும். எதிர்க்கரையில் இருவர் பேசுவதும், தடுப்பணையில் நீர் விழுவதும் பகலைவிட இரவில் பலமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். தடுப்பணையின் ஓசை ஒரே சீரானது. சிலருக்கு அது தாலாட்டு. ரயிலின் ஓசை அப்படியல்ல. மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறுகளில் சமதளம் என்பது ஆற்றங்கரை மட்டுமே என்பதால் சாலையும் இருப்புப்பாதையும் அங்கேதான் போடப்பட்டிருக்கும். ரைன் ஆற்றின் நடுப்பகுதியில் இரு கரைகளிலும் இருப்புப்பாதை உண்டு. சரக்கு ரயில்கள் இரவு முழுவதும் ஓடும். அத்தகைய ஊரில், ஆற்றிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது தெருவில், கொஞ்சம் மேட்டில் இருக்கும் அறையே நல்லது. ஆற்றைப் பார்க்க நடந்து போய்க்கொள்ளலாம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பூமியின் வடபாதியில் மேற்கு கிழக்காக ஓடும் ஆற்றின் வடகரை தெற்கு நோக்கியிருப்பதால் நாள் முழுவதும் வெயில் பெறும். குறுகிய பள்ளத்தாக்கில் தென்கரை குளிர்காலத்தில் பிற்பகலிலேயே நிழலுக்குள் போய்விடும். குளிர்நாட்டில் வடகரையும் வெப்பநாட்டில் தென்கரையும் தங்குவதற்கு ஏற்றவை.

கொசுவைப் பற்றிப் பொதுவாக நிலவும் அச்சம் பாதிதான் சரி. வேகமாக ஓடும் நீரில் கொசு முட்டையிடாது. தேங்கிய குட்டைகளிலும் வடிகால்களிலும் பாத்திரங்களில் நிற்கும் நீரிலும்தான் பெருகும். ஆகவே ஆறு பக்கத்தில் இருக்கிறதா என்பதைவிட, அறைக்குப் பின்னால் நீர் தேங்கும் பள்ளம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஓடும் நீரில் பெருகும் கருப்பு ஈக்கள் வேறு வகை. அவை பகலில் கடிக்கும்.

வாடகைக் காரில் வருபவர்கள் கரையோர வாகன நிறுத்தத்தில் வண்டியை இரவு முழுவதும் விட்டுவைப்பதற்கு முன் ஆற்றின் நிலையைப் பார்க்க வேண்டும். ஊரில் முதலில் மூழ்கும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 5: வந்திறங்கிய முதல் மணி நேரம் – பாலத்தின் மேல்

பெட்டியை வைத்துவிட்டு நேராகப் பாலத்திற்குச் செல்லுங்கள். வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு ஊரைப் பற்றிய செய்திகள் அங்கே கிடைக்கும் என்பதால், இந்தப் படியில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

முதலில் நீர் போகும் திசையை நோக்கி நில்லுங்கள். இப்போது உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை, வலக்கைப் பக்கம் இருப்பது வலக்கரை. உலகெங்கும் இதுதான் முறை. நீங்கள் திரும்பி நின்றாலும் கரையின் பெயர் மாறாது. படகுத்துறைப் பலகைகளும் வெள்ள எச்சரிக்கைகளும் இந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்தும். கரையில் நட்ட கிலோமீட்டர் கற்கள் மட்டும் ஆற்றுக்கு ஆறு மாறும். ரைன் ஆற்றின் கணக்கு கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தில் தொடங்கி நீரோட்டத்தின் திசையில் கூடிக்கொண்டே போகும். டான்யூபின் கணக்கு கடலோரத்திலிருந்து எதிர்த்திசையில் எண்ணப்படுவதால், பாசாவில் நிற்பவர் கடலிலிருந்து சுமார் 2,225 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறார் என்பதைக் கல்லைப் பார்த்தே அறியலாம்.

அடுத்துத் தூண்களைப் பாருங்கள். பழைய கல்பாலங்களின் தூண்கள் நீர் வரும் பக்கத்தில் கூர்முனையாகச் செதுக்கப்பட்டிருக்கும். நீரையும் மிதந்து வரும் மரங்களையும் பனிக்கட்டிகளையும் பிளந்து இருபுறமும் ஒதுக்குவதற்காக அப்படிக் கட்டினார்கள். அந்தக் கூர்முனையின் மேல் காய்ந்த புல்லும் சுள்ளியும் பிளாஸ்டிக் பையும் சிக்கிக் கிடந்தால், அது கடைசி வெள்ளம் எட்டிய உயரம். அதற்குக் கீழே கல்லின் நிறம் மாறும் கோடு வழக்கமான மழைக்கால மட்டம். அதற்கும் கீழே பாசி படிந்த பட்டை அன்றாட மட்டம். உங்கள் கால் நிற்கும் தளத்திற்கும் அந்தச் சுள்ளிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தாலே இந்த ஆறு எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

பிறகு வேகத்தை அளந்து பாருங்கள். கரையோர நடைபாதையில் பத்து மீட்டர் தூரத்தைக் காலடியால் அளந்துகொண்டு, மிதந்து போகும் ஓர் இலை அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். பத்து நொடி எடுத்தால் நொடிக்கு ஒரு மீட்டர், மணிக்கு 3.6 கிலோமீட்டர். ஆற்றின் முழு ஆழத்துக்குமான சராசரி வேகம் மேற்பரப்பு வேகத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் என்று நீரியலாளர்கள் கொள்வார்கள். மணிக்கு 3.6 கிலோமீட்டர் என்பது நடக்கும் வேகம்தான். ஆனால் சாதாரணமாக நீந்தும் ஒருவரால் அதை எதிர்த்து முன்னேற முடியாது. வேகம் இரு மடங்கானால் நீர் உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

கடைசியாக வளைவைக் கவனியுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். அங்கே ஆழம் அதிகம், எனவே பழைய படகுத்துறையும் கிடங்குகளும் அந்தப் பக்கம்தான் இருக்கும். உட்புறத்தில் வேகம் குறைந்து மணல் படியும்; உட்காரவும் குழந்தைகள் விளையாடவும் ஏற்ற இடம் அது. ஆனால் அந்த மணல்திட்டு சட்டென்று சரிந்து ஆழத்தில் முடியலாம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 6: சனிக்கிழமை – ஊருக்குள்

பாலத்திலிருந்து இறங்கிச் சுவர்களைப் பார்த்தபடி நடங்கள். வெள்ளம் கண்ட ஊர்களில், நகர மன்றக் கட்டடம், பழைய கிடங்கு, வழிபாட்டிடத்தின் வாசல் ஆகியவற்றில் ஆண்டும் கோடும் பொறித்திருப்பார்கள். பாசாவின் நகர மன்றச் சுவரில் இத்தகைய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 2013 ஜூன் மாதம் அங்கே நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பிறகு அவ்வளவு உயரம் ஏறியதில்லை. தெருவில் நிற்கும் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டிய உயரத்தில் கோடு இருப்பதைக் கண்ட பிறகு, அந்தத் தெருவில் ஏன் தரைத்தளத்தில் யாரும் குடியிருப்பதில்லை, ஏன் வாசலுக்கு அத்தனை படிகள், ஏன் மின்பெட்டி மேல்மாடியில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கேட்காமலே கிடைத்துவிடும்.

தெருக்களின் போக்கையும் பாருங்கள். ஆற்றுக்குச் செங்குத்தாக இறங்கும் குறுகிய சந்துகள் சரக்கு ஏற்றி இறக்கியவை. ஆற்றுக்கு இணையாக, ஒரு படி மேலே செல்லும் அகன்ற தெரு வணிகர்களின் வீடுகள் நின்றது. இந்த இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் எந்த ஊரிலும் வழி தவறாது. தவறினாலும் இறக்கத்தில் நடந்தால் ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

பாலமே ஊரின் வரலாறாக இருக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின்மேல் 1779இல் எழுப்பி 1781இல் திறந்த வார்ப்பிரும்புப் பாலம், சுமார் 30 மீட்டர் அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டுகிறது. அயர்ன்பிரிட்ஜ் என்ற அந்தச் சிற்றூர் அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பாலத்தை மேலிருந்து கடந்தால் மட்டும் போதாது. கீழே இறங்கி நீர்மட்டத்திலிருந்து அதன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

மாலைக்கு உயரமான ஓர் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்: கோட்டை மேடோ, எதிர்க்கரைக் குன்றோ, மணிக்கூண்டோ. ஆறு வளைவதும் ஊர் அதற்குள் அடங்கியிருப்பதும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் தெரியும். காலையில் ஏறினால் பள்ளத்தாக்கு மூடுபனிக்குள் கிடக்கலாம். மாலையில் அந்தத் தடை பெரும்பாலும் இருக்காது.

படி 7: படகும் ஓடமும்

படகு வாடகைக்கு எடுப்பவர்கள் அனைவரும் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அசையாத நீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் படகு, 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றில் கீழ்நோக்கி 14 கிலோமீட்டர் வேகத்திலும், மேல்நோக்கி 6 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லும். ஒரு மணி நேரத்தில் இறங்கிய 14 கிலோமீட்டரை ஏறித் திரும்ப இரண்டு மணி நேரம் 20 நிமிடம் ஆகும். துடுப்புப் படகென்றால் திரும்பி வரவே முடியாமல் போகலாம். ஆகவே சொந்த முயற்சியில் செல்பவர்கள் முதலில் மேலாற்றுப் பக்கம் போய்விட்டு, களைத்த நேரத்தில் நீரோட்டத்தோடு இறங்குவதே முறை. கரையோரம் நடப்பவர்களுக்கும் நேரடியாக இதே கணக்கு பொருந்தாவிட்டாலும், திரும்பும் வழியில் லேசான இறக்கம் கிடைப்பது நல்லதுதான்.

அக்கரைக்குச் செல்லும் ஓடத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கோப்லென்ஸ் முதல் மைன்ஸ் வரையிலான நீண்ட நெடிய பள்ளத்தாக்கில் ரைன் ஆற்றின் குறுக்கே பாலமே கிடையாது. இரு கரைச் சிற்றூர்களையும் இணைப்பவை ஓடங்கள் மட்டுமே. கடைசி ஓடத்தை விட்டவர், நேர் எதிரே தெரியும் தன் அறைக்குப் போக மிக நீண்ட சுற்றுவழியைத் தேட வேண்டியிருக்கும். கடைசி ஓடம் எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் ஒட்டியிருக்கும் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாரநாள் நேரமும் ஞாயிற்றுக்கிழமை நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

இயந்திரமே இல்லாத ஓடங்கள் சில ஊர்களில் இன்னும் இயங்குகின்றன. ஆஸ்திரியாவின் வாகாவ் பள்ளத்தாக்கிலுள்ள ஸ்பிட்ஸ் ஊரிலும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரின் நான்கு துறைகளிலும் அவற்றைக் காணலாம். ஆற்றின் குறுக்கே உயரத்தில் கட்டிய கம்பியோடு ஓடம் இணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் ஓடத்தை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பியதும், நீர் அதன் பக்கவாட்டில் மோதித் தள்ள, கம்பி அதைக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்ள, ஓடம் அக்கரையை நோக்கி நகரும். அத்தகைய ஓடம் கிடைத்தால் காரணமே இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்வாருங்கள்.

படி 8: நீரில் இறங்குமுன்

இந்தப் பகுதியை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தாண்ட வேண்டாம்.

தடுப்பணை பார்ப்பதற்கு அழகானது, கொல்லக்கூடியது. நீர் வழிந்து விழும் அடிவாரத்தில், மேற்பரப்பு நீர் மீண்டும் தடுப்பணையை நோக்கியே சுழன்று திரும்பும். அதில் சிக்கியவரை நீர் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும். நுரை கலந்த நீரில் உடல் சரியாக மிதக்கவும் செய்யாது. அரை ஆள் உயரத் தடுப்பணைக்கும் இது பொருந்தும். மேலிருந்தும் நெருங்கக்கூடாது, கீழிருந்தும் நெருங்கக்கூடாது.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் மழையே இல்லாமல் நீர் உயரும். மின் உற்பத்திக்காக நீரைத் திறந்துவிடும் நேரம் மின்தேவையைப் பொறுத்தது. வானத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. சங்கொலி கேட்டாலோ, நீர் திடீரெனக் கலங்கினாலோ, சற்றுமுன் தெரிந்த கல் மூழ்கினாலோ, காலணியைத் தேடிக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து படம் எடுப்பது அத்தகைய ஆறுகளில் வேண்டவே வேண்டாம்.

பனி உருகி வரும் ஆற்றில் கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று குதிப்பவருக்குத் தன்னையறியாமல் மூச்சு இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்கடியில் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. வேகமாக ஓடும் வெள்ளநீரின் கணக்கும் பலர் நினைப்பதைவிடக் குறைவானது: 15 சென்டிமீட்டர் ஆழம் ஒரு பெரியவரைக் கீழே தள்ளப் போதும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும்.

பலத்த மழைக்குப் பிறகு ஓரிரு நாள்கள் குளிக்காமல் இருப்பது நல்லது. கழிவுநீர் வழிந்து ஆற்றில் கலந்திருக்கும். காலில் புண் இருப்பவர்கள் வெள்ளநீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். ஆப்பிரிக்காவின் பல ஆறுகளிலும் ஏரிகளிலும் நன்னீர் நத்தைகள் மூலம் பரவும் நத்தைக் காய்ச்சலின் புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும். அங்கே முழங்கால் அளவு நீரில் இறங்கி நிற்பதுகூடப் பாதுகாப்பல்ல. உள்ளூர்க்காரர்கள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே குளிப்பதில்லை என்பதைப் பாருங்கள். குளிப்பதில்லை என்ற பக்கமே அதிகம் கற்றுத்தரும்.

படி 9: ஞாயிற்றுக்கிழமை

அதிகாலையில் மூடுபனி இருந்தால் வருந்த வேண்டாம். தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் குளிர்காற்று தங்குவதால் உண்டாகும் பனி அது. வெயில் ஏறிய சில மணி நேரத்தில் பெரும்பாலும் விலகிவிடும். கருவிகளைத் தூக்கிக்கொண்டு வரும் படப்பிடிப்பாளர்களுக்கு அதுதான் நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் அருங்காட்சியகத்தையோ உள்ளரங்க இடங்களையோ வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் எதிர்க்கரைக்குச் செல்லலாம். சனிக்கிழமை முழுவதும் நீங்கள் நடந்த ஊரை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையின் முதன்மையான வேலை. ஊர் தன் முகத்தை ஆற்றுக்குத்தான் காட்டி நிற்கும் என்பதால் உள்ளே நடப்பவருக்கு அது தெரிவதில்லை.

பிற்பகலில் கரையோரப் பாதையில் அடுத்த ஊர் வரை நடந்து, ரயிலிலோ படகிலோ திரும்புங்கள். பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் தேவையில்லை. தண்ணீர், மழைச்சட்டை, ஈரத்தில் வழுக்காத காலணி, தொலைபேசியை வைக்க நீர்புகாத பை ஆகியவை போதும். கடலுக்கு அருகிலுள்ள ஆறென்றால் ஓதநேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் 25 நிமிடம் இருக்கும். இறக்கத்தில் நடந்த மணல் ஏற்றத்தில் இருக்காது.

படி 10: கிளம்புதல்

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில்களும் பேருந்துகளும் எண்ணிக்கையில் குறைவு, கூட்டத்தில் அதிகம். அன்றே கிளம்ப வேண்டியிருந்தால் முன்பதிவு செய்யுங்கள். அறையைக் காலி செய்த பிறகு பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போக முடியுமா என்று சனிக்கிழமையே கேட்டுவிடுங்கள். சிற்றூர் நிலையங்களில் பெட்டி வைக்கும் அறை இருக்குமென்று நம்பியிருக்கக் கூடாது.

ரயில் ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதையானால் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். இருப்புப்பாதை இடக்கரையில் இருந்து, ரயில் மேலாற்றுப் பக்கமாகச் சென்றால் ஆறு உங்கள் இடப்பக்கம் வரும்; கீழாற்றுப் பக்கமாகச் சென்றால் வலப்பக்கம் வரும். வலக்கரைப் பாதைக்கு இதைத் தலைகீழாகக் கொள்ளுங்கள். அதன்படி கோப்லென்ஸிலிருந்து மைன்ஸுக்கு இடக்கரை ரயிலில் செல்பவர்கள் இடப்பக்கச் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.